கபிலனுக்கு ரெக்கார்டில் ஒரு மனைவி

போன செவ்வாய்க்கிழமை பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால், முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள்.

"மிலிட்டிரியம்மாதான நீங்க? எம் பையனுக்கும் ஒரு பொண்ணு எழுதிக் குடுங்களேன். முப்பத்தி ரெண்டு முடியப் போவுது."

பெண் பார்த்துக் கொடுங்கள் என்றால் புரிந்திருக்கும். எழுதிக் கொடுங்கள் என்றால்? நான் கல்யாணத் தரகர் இல்லை, பத்திரம் எழுதுகிறவளும் இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. வைத்திக்குப்பம் அஞ்சலாட்சி மகனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தீர்களாமே, எங்களுக்கென்றால் கசக்கிறதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கத்திரிக்காயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வதந்தி மார்க்கெட் வரைக்கும் வந்துவிட்டது. இனி நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவதுதான் எனக்கும் நல்லது, சங்கத்துக்கும் நல்லது.

எந்தச் சங்கம்? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — ராணுவ மருத்துவமனைகளில் பதினான்கு வருடம் நர்ஸிங் அதிகாரியாக இருந்து, மேஜராக வெளியே வந்தவள் நான். புதுச்சேரியில் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு ஒரு சங்கக் கிளை இருக்கிறது. மொத்தம் ஏழு பேர். லாஸ்பேட்டையில் கர்னல் தனசேகரன் வீட்டு மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுவோம். கர்னல்தான் தலைவர். கடற்படையில் கமாண்டராக இருந்த லூர்துசாமி உபதலைவர். நான் செயலாளர். காரணம் திறமை இல்லை... தமிழில் டைப் அடிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான்.

எங்களுக்கு வேலை இரண்டு. படையில் சேர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது — ஓட்டம், உயரம், மார்பளவு, எழுத்துத் தேர்வு எல்லாம். இன்னொன்று, பணியில் இருக்கும் ஜவான்களுக்கு ஊரில் ஏதாவது சிக்கல் வந்தால் அவர்களுக்காக அலைவது. தாலுகா ஆபீஸுக்குப் போவது, மனு எழுதுவது, பதில் வராத மனுவுக்கு நினைவூட்டல் எழுதுவது, நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால் டீ குடிப்பது.

முதல் வேலையில் எங்கள் முதல் வெற்றி கபிலன். அஞ்சலாட்சியின் ஒரே மகன். வைத்திக்குப்பம் கடற்கரை மணலில் கர்னல் விசில் ஊத ஊத ஓடி, ஆறு வருடத்துக்கு முன் சிப்பாயாகத் தேர்வானான். இப்போது வடக்கே ஒரு யூனிட்டில் லாரி ஓட்டுகிறான். அவன் யூனிஃபார்மில் நிற்கும் படத்தை ஃப்ளெக்ஸ் அடித்து, ஒவ்வொரு முகாமிலும் இரண்டு கம்பு நட்டுக் கட்டிவிடுவார் கர்னல். ஃப்ளெக்ஸில் அவன் கொஞ்சம் பயந்த மாதிரி இருப்பான். வீரமாக முறைக்கச் சொன்னதில் வந்த வினை.

இந்த வருடம் ஆனி மாதத்தில் அஞ்சலாட்சி மாடிப்படி ஏறி வந்தார். மீன் வியாபாரத்தை அப்படியே தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். நாற்காலி காட்டினால் உட்காரவில்லை. கையிலிருந்த போனை என் முன்னால் வைத்தார்.

கபிலனுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் சௌமியா, நல்லவாட்டுப் பெண். கதிர்காமத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். எல்லாம் பேசி முடித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகைக்குப் பெயர்களை வரிசைப்படுத்திக் கொண்டிருந்த நேரம். பையன் யூனிட்டில் கல்யாண லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான். கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார். பிறகு கபிலனைப் பார்த்திருக்கிறார். உனக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே, எதற்கு இன்னொன்று என்று கேட்டிருக்கிறார்.

போனில் இருந்தது அந்த உத்தரவின் படம். ஜவானுக்குக் கல்யாணம் ஆனால் யூனிட்டில் ஓர் உத்தரவு போடுவார்கள். அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய் அவன் பெயரில் ஏறும். அதன்படி எங்கள் கபிலன் ஒரு வருடத்துக்கு முன்பே கல்யாணம் ஆனவன். மனைவி பெயர் சுனிதா தேவி. பிறந்த தேதி, அப்பா பெயர், வடக்கே ஒரு மாவட்டத்தில் ஏதோ ஒரு கிராமம் — எல்லாம் சுத்தமாக இருந்தது. கபிலனுக்கு மட்டும் தெரியாது. யார் தன் ரெக்கார்டைத் தானே எடுத்துப் பார்க்கிறார்கள்?

கர்னல் சத்தம் போட்டுச் சிரித்தார். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டில் பத்திரிகை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் பையன் பெயர் சுத்தமாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பிவிட்டார். யூனிட்டிலும் லீவு கிடையாது. ஒரு மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்வது ராணுவத்தில் பெரிய குற்றம். வேலையே போய்விடும்.

கர்னல் சிரிப்பதை நிறுத்தினார்.

மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அஞ்சலாட்சி என்னைத் தனியாக மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டார். மகன் மேல் சந்தேகமில்லை என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு குரலை இறக்கினார்.

"நெசமாலுமே கட்டிக்கினு இருந்தா சொல்லிடச் சொல்லுங்க மேடம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு... மீன் துன்னுமா?"

விசாரிக்கிறேன் என்றேன்.

அன்றைக்கே கர்னல் இதற்கு 'ஆப்பரேஷன் பிரம்மச்சாரி' என்று பெயர் வைத்தார். சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார். எதற்கு வரைபடம்? யாரும் கேட்கவில்லை. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் போனது. மேற்படி சிப்பாய்க்குக் கல்யாணமே ஆகவில்லை, மேற்படி மனைவியை நீக்கவும்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில். மனைவியின் பெயரை நீக்க விதிகளில் இடம் உண்டு. விவாகரத்துத் தீர்ப்பின் நகல் அல்லது மனைவியின் இறப்புச் சான்றிதழ், இரண்டில் ஒன்றை இணைத்து அனுப்பவும்.

கடிதத்தைக் கர்னல் இரண்டு தடவை படித்தார். கமாண்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை படித்தார். கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னவனிடம், மனைவியைப் பிரிந்துவிட்டு வா, அல்லது அவள் செத்தபிறகு வா என்கிறார்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கக்கூடும் என்று அந்த ஃபாரத்தை அச்சடித்தவருக்குத் தோன்றவே இல்லை.

தெரிந்த வக்கீலிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். விவாகரத்து வாங்கலாம், அதில் சிரமமில்லை, ஆனால் முதலில் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டும் என்றார். பத்திரிகை இருக்கிறதா, போட்டோ இருக்கிறதா, சாட்சி யார்? நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு கணம் — பொய் சொல்ல மாட்டேன் — ஒரே ஒரு கணம், போட்டோ கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கே தோன்றிவிட்டது.

அடுத்தது தாலுகா ஆபீஸ். திருமணமாகாதவர் என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்பது கர்னலின் திட்டம். மனுவோடு எல்லாக் காகிதத்தையும் இணைத்துக் கொடுத்தார். அங்கேதான் தப்பு செய்தார். எல்லாக் காகிதத்திலும் சுனிதா தேவி இருந்தார். அங்கிருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆனதற்கான ஆதாரத்தை நீங்களே இணைத்துவிட்டு ஆகவில்லை என்று சான்றிதழ் கேட்கிறீர்களே சார் என்றார். அவர் கேட்டதில் என்ன தவறு?

கமாண்டர் லூர்துசாமிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில், சொல்தா. அந்த வழியில் கமாண்டருக்கு எதற்கெடுத்தாலும் பிரெஞ்சுக்காரன் நிர்வாகம்தான் உசத்தி. அவர்களிடம் கல்யாணமாகாதவன் என்பதற்கென்றே தனியாக ஒரு சான்றிதழ் இருக்கிறது என்றார்.

"செர்த்திஃபிக்கா த செலிபா, மதாம். எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அதான் வாங்குனோம். ஒரே நாள்ல குடுத்தான்."

அதைக் கபிலனுக்கு யார் தருவார்கள் என்று கேட்டேன். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் தருவார்கள் என்றார். இந்திய ராணுவச் சிப்பாய்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித் தருவதில் உள்ள சிறு சங்கடத்தைக் கர்னல் அவருக்கு விளக்கினார். அன்றைய கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

இதற்குள் விஷயம் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. மணலில் ஓட்டப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஐந்து பேரில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் வயது வரம்பு தாண்டியிருந்தது. ஏன் வந்தீர்கள் என்று விசாரித்தால்... பட்டாளத்தில் சேர்ந்தால் அவர்களே ரெக்கார்டில் ஒரு பெண்டாட்டி எழுதிக் கொடுத்துவிடுகிறார்களாமே என்றார்கள். ஒருவர், மலையாளப் பெண் கிடைக்குமா என்றும் கேட்டார்.

அந்த ஞாயிறு கர்னல் ஒரு விளக்கக் கூட்டம் போட்டார். இப்போது படையில் சேர்வதே அக்னிவீர் முறையில்தான், கல்யாணமாகாதவர்களைத்தான் எடுப்பார்கள், நான்கு வருடம் கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது, ஆகவே வீண் வதந்தியை நம்பாதீர்கள் என்றார். பின்னாலிருந்து ஒரு தாய் எழுந்தார்.

"எம் புள்ளைக்கும் நீங்களே கல்யாணம் ஆயிட்ச்சின்னு எழுதிட்டா? அப்ப சேர்த்துக்க மாட்டீங்க. வெளிய வந்தா பொண்ணும் குடுக்க மாட்டாங்க. அவன் இன்னா பண்ணுவான் சார்?"

முப்பது வருடம் படையில் இருந்த மனிதர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே ஃப்ளெக்ஸில் கபிலன் எப்போதும்போல பயந்துகொண்டிருந்தான். அன்று திரும்பும்போது கர்னலே கம்பைப் பிடுங்கி ஃப்ளெக்ஸைச் சுருட்டினார். நாம் சேர்த்துவிட்ட பையன், சிஸ்டர்... என்று மட்டும் காரில் ஒரு தடவை சொன்னார்.

ஆடி பாதி ஓடிவிட்டது. அடுத்த ஞாயிறு, கூட்டம் ஆரம்பித்த பத்தாவது நிமிடம், வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. மேலே வந்தவள் சௌமியா. வீட்டில் சொல்லாமல் வந்திருந்தாள். நான் அவளை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வைத்தேன். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, இதுவரை வந்த காகிதங்களைக் காட்டுங்கள் என்றாள்.

ஒவ்வொன்றாகப் படித்தாள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரி, விரல் வைத்து, வரி வரியாக. கர்னல் இதுவரை எடுத்த நடவடிக்கைகளை வரைபடத்தின் பக்கத்தில் நின்று விளக்கினார். அவள் முடிக்க விட்டாள்.

"எல்லாரும் அந்தம்மா இல்ல இல்லன்னே எழுதறீங்க சார். அவங்க எங்கயோ இருக்காங்க. அப்பா பேரு, பொறந்த தேதியெல்லாம் இருக்குதே. எங்க லேப்ல ரிப்போர்ட் மாறிப்போச்சுன்னா, ஒருத்தருக்குத் தப்பா வந்துச்சுன்னா, இன்னொருத்தருக்கு வராமயே இருக்கும். இவங்களோட ஒரிஜினல் புருஷன் யாருன்னு பாத்தீங்களா?"

கர்னல் வரைபடத்திலிருந்து கையை எடுத்தார்.

மூன்று பேருக்கும் சேர்த்து எழுபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். ஒன்றரை மாதமாக ஒரு பெண் இல்லை என்று நிரூபிக்க ஊரெல்லாம் சுற்றியிருக்கிறோம். அவள் இருக்கிறாளா என்று யாரும் விசாரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மற்ற இருவருக்கும் இருந்திருக்க வேண்டும்... கமாண்டர் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அந்த மாநிலத்திலும் எங்களைப் போன்ற சங்கக் கிளை ஒன்று உண்டு. கர்னல் போன் செய்தார். அங்கே ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர், எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். மூன்றாம் நாள் எனக்கு ஒரு நம்பர் வந்தது.

ஹிந்தி பேசத் தெரிந்தவள் என்பதால் நானே கூப்பிட்டேன். சௌமியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எடுத்தது ஒரு சின்னக் குரல். சுனிதா தேவியா என்று கேட்டேன். ஆமாம் என்றது. நான் மேஜர், ராணுவ மருத்துவமனையில் இருந்தவள் என்று ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் விசும்பல். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மெல்ல மெல்லச் சொன்னாள். அவள் புருஷன் பெயர் கபில் ராம். அவனும் லாரி ஓட்டும் சிப்பாய். கல்யாணமான மறுமாதமே எல்லாக் காகிதமும் கொடுத்துவிட்டான். ஆனால் ரெக்கார்டில் அவன் இன்னமும் கல்யாணமாகாதவன். அவளுக்கு டிபென்டன்ட் கார்டு வரவில்லை. இப்போது அவளுக்கு எட்டாவது மாதம். முதல் பிரசவம். ரத்த அழுத்தம் ஏறுகிறது. பக்கத்து டவுனில் இருக்கும் ராணுவ மருத்துவமனைக்கு மூன்று தடவை போனாள். நீ யார் மனைவி என்பதற்குக் கார்டு எங்கே என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமியார் வீட்டிலும் பேச்சு வந்துவிட்டது — இவளை ராணுவமே ஏற்றுக்கொள்ளவில்லை, இதில் என்ன இருக்கிறதோ என்று.

இங்கே ஒருத்தனுக்கு ஒரு மனைவி அதிகம். அங்கே ஒருத்தனுக்கு ஒரு மனைவி குறைவு. இரண்டு பேரின் ராணுவ எண்ணிலும் கடைசி இலக்கம் மட்டும் வேறு: ஒன்று மூன்று, இன்னொன்று எட்டு. யாரோ அவசரத்தில் மூன்றின் வாயை மூடிவிட்டார்கள். அல்லது எட்டின் வாயைத் திறந்துவிட்டார்கள்.

நான் சொல்லச் சொல்ல சௌமியாவின் முகம் மாறியது. அதுவரை தன் கல்யாணக் கவலையோடு வந்தவள், என் கையிலிருந்த பேனாவை வாங்கி ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள்: பிரஷர் எவ்வளவு, யூரினில் புரோட்டீன் பார்த்தார்களா, கால் வீங்கியிருக்கிறதா. நான் கேட்டேன். வீங்கியிருக்கிறது என்றாள். இனி இது கல்யாண விவகாரம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு எங்கும் காத்திருக்க வேண்டாம், அரசு மருத்துவமனைக்கு இன்றைக்கே கிளம்பு என்றேன். கேப்டன் தன் காரில் கூட்டிப் போனார்.

இரண்டு கபில்களும் ஆளுக்கொரு மனு எழுதினார்கள். ஒருவர் மனுவில் இன்னொருவர் சாட்சி. கர்னல் மேலே ஒரு கடிதம் வைத்தார். நான் ஒரு பக்கம் எழுதினேன் — கர்ப்பத்தின் நிலை, தாமதித்தால் என்ன ஆகும் என்பது மட்டும், வேறு அலங்காரம் இல்லாமல். கமாண்டர் தன் பங்குக்கு ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்கு போன் செய்தார். ஹிந்தியில் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசிய மொழியை நிறுத்துவதற்காகவே அங்கே அவசரமாக வேலை பார்த்திருப்பார்கள் என்பது என் அனுமானம்.

ஒன்பதாம் நாள் இரண்டு உத்தரவுகளும் சரியாகிவிட்டன. மனைவியை நீக்கச் சொன்னபோது விவாகரத்து கேட்டவர்கள், மனைவியை உரிய இடத்தில் சேர்க்கச் சொன்னதும் ஒரே கையெழுத்தில் முடித்துவிட்டார்கள். எடுத்துவிடு என்றால் பயப்படுகிற ஆபீஸ், இன்னாருடையது என்று காட்டினால் நிம்மதியாகக் கொடுத்துவிடுகிறது. இத்தனை வருடம் மனு எழுதி நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். வாசகர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

சுனிதாவுக்குக் கார்டு வந்தது. ராணுவ மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். நாளுக்கு முன்பே ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம் என்று கேப்டன் அனுப்பிய செய்தியைக் கர்னல் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். எதற்கு எழுந்து நின்றார்? நாங்களும் எழுந்து நின்றோம்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கபிலனுக்கும் சௌமியாவுக்கும் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடித்து, மாலையெல்லாம் கசங்கி, எல்லோரும் பந்திக்கு நகர்ந்த நேரத்தில் சௌமியா என்னைக் கூப்பிட்டாள். போனில் வீடியோ கால். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுனிதா; மடியில் துணிச் சுருளாகக் குழந்தை. இரண்டு பெண்களும் கையாட்டிக்கொண்டார்கள். பேச ஒரு பொது மொழி இல்லை. குழந்தையைத் தூக்கிக் காட்டினாள் அவள். தாலியைத் தூக்கிக் காட்டினாள் இவள். அஞ்சலாட்சி நடுவில் எட்டிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பிறகு சுனிதா என்னிடம் ஏதோ கேட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் அரசாங்கக் காகிதத்தில் தன் புருஷனாக இருந்த ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். நியாயமான ஆசைதானே? கபிலனைப் பிடித்து இழுத்து போன் முன்னால் நிறுத்தினோம். பட்டு வேட்டியில், வேர்த்துப்போய், விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

சுனிதா அவனை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். தன் வீட்டுக்காரர் இவரைவிட உயரம், நிறமும் கூடுதல் என்றாள். தப்பான ஆளோடு மாட்டாமல் தப்பித்தேன் என்ற நிம்மதி அந்த முகத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"இன்னா மேடம் சொல்றாங்க?" என்றாள் சௌமியா.

"ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணுமாம்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் தெரிந்தே கொடுத்த ஒரே பொய் ரிப்போர்ட் அதுதான்.